எட்னாவிலிருந்து நோர்பரிக்கு

என் தங்கை எட்னா எரிமலையின் தெற்குச் சரிவில் ஒரு சிறிய ஊரில் வசிக்கிறாள். யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது நான் லண்டனில் வந்து இறங்கினேன், அவள் இத்தாலியில் இறங்கினாள். இருவரும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டோம். அவளும் கணவரும் தங்கள் வீட்டின் மேல்தளத்து அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மலை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தங்கைக்கு இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் அப்படியல்ல. அதனால் அந்தச் செய்திகளுக்குப் பதில் எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், டிராம் போகும் ஓசை கேட்கும் சமையலறையில் இருந்துகொண்டு, சிசிலித் தீவில் உள்ள ஒரு வீட்டின் அறைகளை நான் நிர்வகிக்கிறேன்.

பயணிகளின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. நாங்கள் வரும் வாரத்தில் மலை வெடிக்குமா? நெருப்புத் தெரியும் பக்கத்து அறை கிடைக்குமா? சாம்பல் விழுந்தால் குழந்தைக்கு இருமல் வருமா? எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். மலை எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற வாக்கியத்தை ஒவ்வொரு பதிலிலும் சேர்ப்பேன். அப்படியிருந்தும் ஒருவர் ஊர் திரும்பியபின், அறை சுத்தம், காலைச் சாப்பாடு நன்று, ஆனால் மலை ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதி இரண்டு நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தார். அதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதை அவளிட்டைப் போய்ச் சொல்லச் சொல்லு," என்றாள். "நான் அறையைத்தான் கூட்டித் துடைக்கிறன். மலையையும் நானே மூட்டிவிடுறது?"

அங்குள்ள சனம் மலையை அவள் என்றுதான் சொல்லும். அவள் இன்றைக்கு அமைதி, அவள் ராத்திரி நித்திரை கொள்ளவில்லை, என்று அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். தங்கைக்கும் அது பழகிவிட்டது. அவள் அமைதியாக இருந்தால் அறைகள் காலி. அவள் இரவில் கொஞ்சம் நெருப்புக் காட்டினால் அறைகள் நிரம்பிவிடும். மிஞ்சிக் காட்டினால் சாம்பல் விழுந்து விமான நிலையம் மூடப்படும், வந்தவர்கள் போக முடியாது, வர இருந்தவர்கள் வர முடியாது. ஓட்டுக் கூரையில் விழுந்த கறுப்பு மணலைக் கூட்டிப் பையில் கட்டி வீட்டு வாசலில் வைக்க வேண்டும். தெருவில் மணல் வழுக்கும் என்பதால் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்று நகரசபை அறிவிக்கும். ஊரில் இதற்காக யாரும் மலையைத் திட்டி நான் கேட்டதில்லை. எலுமிச்சையும் திராட்சையும் அந்த மண்ணில்தான் விளைகின்றன.

நான் ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன். அது தை மாதம். இருந்த நாட்கள் முழுவதும் முகில் இறங்கி மூடியிருந்ததால் மலையின் அடிவாரத்தைத் தவிர எதையும் காணவில்லை. வீட்டுச் சுவர், வீதிக் கல், தேவாலயப் படி எல்லாமே கறுப்பு. அவையெல்லாம் மலை கக்கிய குழம்பு இறுகிய கல் என்று தங்கை காட்டினாள். ஒன்றைக் கவனித்தேன்: மலை கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்களிலும் தேநீர்க் கடை வாசலில் இருந்த கிழவர்கள் ஒருவர்கூட மலைக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

ஆகவே மலையை நான் கண்டதெல்லாம் திரையில்தான். அதன் உச்சியை நோக்கிப் பொருத்திய கமரா ஒன்று பகலிரவாகப் படத்தை இணையத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது. பயணிகளுக்கு உண்மை நிலவரம் சொல்லலாமே என்றுதான் முதலில் திறந்து வைத்தேன். பிறகு அதை மூட மனம் வரவில்லை. அரிசி கழுவும்போது, மீன் வெட்டும்போது, நிமிர்ந்தால் மலை. விடியற்காலையில் உச்சிப் பனி செம்பருத்தி நிறத்தில் இருக்கும். சில நாட்களில் மலை வளையம் விடும். ஒரு தேவாலயத்தைக் கோபுரத்தோடு உள்ளே வைக்கக்கூடிய வெள்ளை வளையம், குலையாமல், அவசரமில்லாமல் மேலே போகும். அப்படி ஒன்று போனால், அது கலையும்வரை நான் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்.

நோர்பரி அண்ணையும் அவர் மனைவியான அக்காவும் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள், என்னைவிட மூத்தவர்கள், பக்கத்து ஊரான நோர்பரியில் பல காலமாகக் குடியிருப்பவர்கள். அண்ணை தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு, தொலைபேசியில் எரிமலைக் காணொளி பார்ப்பது. பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும் வேளையில் அகப்பட்டவருக்கெல்லாம் காட்டுவார்.

"சனத்தைத் தேத்தண்ணி குடிக்க விடுங்கோவன்," என்பார் அக்கா. "கோயிலுக்குள்ளையும் நெருப்போ?"

"இது சாதாரண நெருப்பே? பூமிக்குள்ளை இருந்து வாற நெருப்பு."

"எங்கடை அடுப்பிலையும் கீழையிருந்துதான் வருது. அதை ஒரு நாள் வந்து பாருங்கோவன்."

என் தங்கை எட்னாவில் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணை என்னை ஒரு புனிதத் தலத்தின் காவலாளி போல மரியாதையாக நடத்தினார். இந்தக் கோடையின் தொடக்கத்தில் அண்ணையும் அக்காவும் எட்னாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. லூர்து யாத்திரையைத் தவிர அவர்கள் எங்கும் உல்லாசப் பயணம் போனதில்லை. அவர்களுடைய மகள் காரில் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். மறுநாள் தங்கை சொன்னாள்: அக்கா மிளகாய்த்தூளும் ஊறுகாயும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருக்கிறார்; அண்ணை வந்து இறங்கியதும் தன் தொலைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வெளிநாட்டில் அதைத் திறந்து வைத்தாலே பில் ஏறும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எத்தனை பேர் விளக்கியும் அது அசையவில்லை. அக்காவின் தொலைபேசி அறையில் சார்ஜில் கிடந்தது. வீட்டு வைஃபை இல்லாத இடத்துக்கு அதை எதற்குக் காவிக்கொண்டு போவது என்பது அவருடைய நியாயம்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை, திங்கள் விடுமுறை. காலைப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். உச்சியில் புகை வழமையைவிடத் தடித்திருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அப்படிப் பல நாள் கண்டிருக்கிறேன். பிறகு உச்சியின் ஒரு பக்கம் அசைந்தது.

மலை அசைவதைக் கண் நம்பவில்லை. திரையில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். அசைந்த பகுதி சாம்பல் நிற முகிலாகிச் சரிவில் இறங்கியது. அடுப்பில் பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழியும்போது உருண்டு உருண்டு வருமே, அப்படி வந்தது. மெதுவாகத்தான் வருகிறது என்று தோன்றியது. மெதுவாக வரவில்லை, அதன் பருமன்தான் அதை மெதுவாகக் காட்டியது என்று சற்றுப் பொறுத்து விளங்கியது. கீழே வெறும் சரிவில் சில புள்ளிகள் கிடந்தன. கற்கள் என்று நினைத்திருந்தேன். அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நகரத் தொடங்கின.

அந்தக் கணத்தில் எனக்குப் பயம் வரவில்லை. ஈரத் துணியும் கையுமாக நின்ற இடத்தில் நின்றேன். பூசையில் நற்கருணையைத் தூக்கும்போது மணி அடித்ததும் தலை தானாகக் குனியும்; அதே போலத் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது திரை முழுவதும் சாம்பல். கமராவையே முகில் மூடிவிட்டது. அதன் பிறகுதான் அண்ணையும் அக்காவும் நினைவுக்கு வந்தார்கள்.

தங்கை தானே அழைத்தாள்.

"அக்கா, கண்டனியே?"

"கண்டன். அண்ணை ஆக்கள் எங்கை?"

"காலமை பஸ்ஸிலை மேலை போனவை. பஸ் நிக்கிற இடத்திலை நிண்டு பாத்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறம் எண்டவை. நான் கத்தரிக்காய்க் குழம்பு வச்சுப்போட்டு இருக்கிறன்." அவள் குரல் இறங்கியது. "அக்கா, வெளியிலை மழை பெய்யிற மாதிரிக் கேக்குது. மழை இல்லை. மணல்."

அவர்களுடைய மகளுக்குச் சொல்ல நான் தொலைபேசியை எடுக்குமுன் அவளே என் வாசலில் நின்றாள். முப்பது வயதைக் கடந்தவள். தோர்ன்டன் ஹீத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். காணொளி அதற்குள் உலகம் முழுவதும் போய்விட்டது. யாரோ ஓடிக்கொண்டே எடுத்தது: குலுங்கும் நிலம், மூச்சிரைப்பு, பின்னால் வானமே இல்லாத சாம்பல் சுவர்.

"அன்ரி, அப்பான்ரை போன் ஓஃப். அம்மான்ரை ரிங் பண்ணுது, எடுக்கிறா இல்லை."

"எடுக்க மாட்டா பிள்ளை. அது அறையிலை கிடக்காம். நீர் எடுக்க எடுக்க அங்கை மேல்தளத்திலை அடிக்கிறது தங்கச்சிக்குக் கேக்குதாம்."

அவள் தன் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அழைக்கவில்லை.

தங்கையின் கணவர் காரை எடுத்துக்கொண்டு மேலே புறப்பட்டார். பாதி வழியில் நின்றுவிட்டார். வழியை அடைத்தது மலையல்ல.

"கீழையிருந்து சனம் மேலை போகுது, அக்கா," என்றாள் தங்கை. "நெருப்புப் பாக்க! கார் காரா நிக்குதாம். தீயணைக்கிற வண்டிக்கு வழியில்லை. ரெண்டு பக்கமும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கினமாம். ஐஸ்கிரீம்காரனும் வந்திட்டானாம்."

"ஆருக்கும் காயமோ?"

"இல்லையெண்டுதான் ரேடியோவிலை சொல்லினம். இருந்த பஸ்ஸிலையும் ஜீப்பிலையும் அகப்பட்ட ஆக்களை அள்ளிப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தாலையும் இறக்கினதாம். ஆரை எங்கை இறக்கினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

எட்னாவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சுற்றி வளையமாக ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்து ஊரிலிருந்து மறுபக்கத்து ஊருக்கு மலையின் குறுக்கே போக முடியாது. அடிவாரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். மணல் விழுந்த வீதியில் அது அரைநாள் வேலை. எந்த ஊர் என்று தெரியாமல் தேடப் போனால் முடிவே இல்லை.

காத்திருந்தோம். இதற்கிடையே என் மடிக்கணினியில் செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அடுத்த வாரம் வர இருந்த குடும்பம் பயணத்தை ரத்துச் செய்தது. அதே மூச்சில் வேறு ஆட்கள் கேட்டார்கள்: நாளைக்கே வரலாமா, பல்கனியிலிருந்து தெரியுமா. ஜெர்மனியிலிருந்து ஒருவர் வெடிப்புத் தொடரும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று கேட்டிருந்தார். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"இவருக்கு என்ன எழுதப் போறீங்கள்?"

"விமான நிலையம் மூடியிருக்கு, திறந்தால் அறை பாத்துச் சொல்லுறம் எண்டு."

"அறை இல்லையெண்டு எழுதுங்கோ, அன்ரி. அது அம்மா அப்பாவின்ரை அறை."

இல்லை என்றே எழுதினேன். வந்த எல்லோருக்கும் எழுதினேன்.

மத்தியானம் கடந்தது. சோறு போட்டுக் கொடுத்தேன், பிசைந்தாள், சாப்பிடவில்லை. கமராப் படம் இடைக்கிடை தெளிந்தது. நான் தினமும் பார்த்துப் பழகிய உச்சி வேறு உருவத்தில் இருந்தது. ஒரு பக்கத் தோள் இல்லை. அதன் மேலே கறுத்த தூண் ஒன்று நிமிர்ந்து நின்று, வெகு உயரத்தில் காற்று பிடித்த இடத்தில் ஒரு பக்கமாக மடிந்து கடலை நோக்கிப் போயிற்று. எங்களைப் பற்றியோ அறைகளைப் பற்றியோ எந்தக் கவலையும் அதற்கு இல்லை. அந்த நிலையிலும் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மகளாலும் முடியவில்லை. பெற்றோரை விழுங்கியிருக்கக்கூடிய ஒன்றை அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெரிசு, அன்ரி," என்றாள்.

சற்றுப் பொறுத்துத் தனக்குள் பேசுவது போலத் தொடங்கினாள். "அவை ஆரிட்டையும் ஒரு போன் இரவல் வாங்கியிருக்கலாம். ஆனா வாங்கி ஆருக்கு எடுக்கிறது? அம்மாவுக்கு ஒரு நம்பரும் தெரியாது. என்ரை நம்பரை எத்தினை தரம் சொல்லிக் குடுத்திருப்பன். போனுக்குள்ளை இருக்குத்தானே பிள்ளை எண்டுவா." அவள் நிறுத்தினாள். முகம் மாறியது. "ஒண்டு தெரியும்."

"எது?"

"வீட்டு நம்பர். லாண்ட்லைன். சின்னனிலை தொலைஞ்சு போனால் பொலிஸுக்குச் சொல்ல வேணுமெண்டு எனக்கு அதைப் பாட்டாப் பாடப் பழக்கினவ."

"இப்ப அந்த வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தருமில்லை," என்று சொல்லும்போதே அவள் கார்ச் சாவியை எடுத்துவிட்டாள்.

போலார்ட்ஸ் ஹில் ஏற்றத்தால் போனோம். வானத்தில் ஒரு முகில் இல்லை. முன்தோட்டங்களில் ஆட்கள் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது மகள், எண்களைத் தாளத்தோடு வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். தான் பாடுவது அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்ததும் நடையில், படிக்கட்டின் அடியில், சிறு மேசை மீது தொலைபேசி. அதோடு இணைந்த பழைய ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மகள் சப்பாத்தைக் கழற்றாமலே போய் அழுத்தினாள்.

முதலில் இரைச்சல். பலர் ஒரே நேரத்தில் இத்தாலியனில் கதைக்கும் ஓசை. பிறகு அக்காவின் குரல், கிட்ட நின்று கத்துவது போல.

"ஹலோ? ஹலோ? நான் அம்மா. வீட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டு தெரியும். எனக்கு வேறை நம்பர் தெரியாது. நான் நல்லாயிருக்கிறன். ஒரு பள்ளிக்கூடத்திலை வச்சிருக்கினம், பாணும் தண்ணியும் தந்தவை. ஊர் பேர் வாயிலை வருகுதில்லை. சுவரெல்லாம் பிஸ்தா படம் கீறியிருக்கு. அப்பாவைக் காணேல்லை. முழங்கால் நோவெண்டு நான் பஸ்ஸடியிலை இருந்திட்டன், அவர் சனத்தோடை மேலை நடந்தவர். பிறகு எங்களைப் பிடிச்சுத் தள்ளி ஏத்திப்போட்டாங்கள். நான் வரமாட்டன் எண்டு கத்தினன், மாதாவே, ஆருக்குத் தமிழ் தெரியும்? அப்பா அங்கை எடுத்தால், நான் இஞ்சை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

ஆளில்லாத வீட்டிடம் அவர் இதைக் கேட்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் இருக்கிறாள். தந்தை மேலே நடந்திருக்கிறார். நான் காலையில் திரையில் கண்ட புள்ளிகள் இருந்த இடத்துக்கு.

இரண்டாவது பதிவில் சொல் எதுவும் இல்லை. மூச்சு மட்டும். யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ஆண் குரல்.

"இஞ்சாரும்." அண்ணை இருமினார். "நான்தான். நீர் எப்பிடியும் இந்த நம்பருக்குத்தான் எடுப்பீர் எண்டு எனக்குத் தெரியும். உமக்கு வேறை ஒண்டும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஓடி வரேக்குள்ளை போன் விழுந்திட்டுது. மறுபக்கத்தாலை இறங்கி ஒரு எலுமிச்சந் தோட்டக்காரர் வீட்டிலை இருக்கிறன். இஞ்சையிருந்து கடல் தெரியுது. பெயர்ப் பலகையிலை உள்ளபடி ஊரின்ரை எழுத்தைச் சொல்லுறன், ஆரும் கேட்டால் எழுதுங்கோ."

தபால் நிலையத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அல்லவா, ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக, இரண்டு முறை சொன்னார். நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினேன். பதிவு முடியவில்லை.

"திரும்பிப் பாக்க வேண்டாம் எண்டு கத்தினவங்கள். நான் பாத்தனான். என்னாலை பாக்காமல் இருக்கேலாமல் போச்சு. படத்திலை பாத்த ஒண்டும் இது இல்லையப்பா. சத்தமில்லாமல் வந்தது. வந்து, எங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாலை இறங்கிப் போச்சு. பேந்துதான் சத்தம். காதிலை இல்லை, நெஞ்சுக்குள்ளை. உலகத்தைப் படைச்ச அண்டைக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும். நீர் பக்கத்திலை நிண்டிருந்தால்..." அந்த இடத்தில் இயந்திரம் நேரம் முடிந்து துண்டித்துவிட்டது.

நான்காவது மறுபடி அக்கா. அழுதுகொண்டிருந்தார். "அப்பா எடுத்தவரோ? ஆரும் ஒருக்கால் சொல்லுங்கோவன்."

ஒருவர் மலையின் மேற்குப் பக்கத்தில், மற்றவர் கிழக்குப் பக்கத்தில். இடையே முழு எட்னா. இருவரும் தங்கள் சொந்த வீட்டின் நடையில் அடுத்தடுத்து நின்று, ஒருவரை ஒருவர் காணாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். மகள் படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்தாள். நான் தங்கையை அழைத்து, உள்ளங்கையில் இருந்த எழுத்துகளை வாசித்தேன். அவளுக்கு உடனே தெரிந்தது. பிஸ்தா என்றதும் அதுவும் தெரிந்தது. மேற்குச் சரிவில் பிஸ்தாவுக்குப் பெயர்போன ஊர் ஒன்றுதானாம்.

"ரெண்டு அந்தம்," என்றாள். "பரவாயில்லை. இவர் திரும்பி வந்திட்டார், போவார்."

வீட்டுத் தொலைபேசி அடித்தது. மகள் எடுத்தாள்.

"அம்மா! நான். ஓம், நான்தான், வீட்டிலை நிக்கிறன். அம்மா, கத்தாதேங்கோ, கேளுங்கோ. அப்பா இருக்கிறார். ஓம். உயிரோடை. ஒண்டுமில்லை. மறுபக்கத்திலை இருக்கிறார்."

நான் நின்ற இடத்துக்கே கேட்கும்படி அக்காவின் குரல் வெடித்தது.

"போனைத் திறந்து வையுங்கோ எண்டு சொன்னனான்! கேட்ட மனிசனே? பில் ஏறுமாம் பில்! வரட்டும், நான் குடுக்கிறன் பில்!"

அவர் அழுதுகொண்டே திட்டினார். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாண் கொடுத்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று திகைத்திருப்பார்கள். அங்கேயே இருக்கும்படியும், தங்கையின் கணவர் வந்து ஏற்றுவார் என்றும் நான் தொலைபேசியை வாங்கிச் சொன்னேன்.

மகள் தேநீர் போட உள்ளே போனபோது மறுபடியும் அடித்தது. நான் எடுத்தேன்.

"ஆர், பிள்ளையே?"

"இல்லை அண்ணை, நான். மிச்சத்திலையிருந்து வந்து நிக்கிறன். அக்கா சுகமாயிருக்கிறா. மேற்குப் பக்கத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை வச்சிருக்கினம். இப்பதான் கதைச்சவ."

அவருக்குப் பின்னால் கோழி ஒன்று கேறியது. யாரோ பெட்டிகளை அடுக்கினார்கள். அதற்கெல்லாம் அடியில், தூரத்தில் கனமான கதவொன்றைத் திரும்பத் திரும்பச் சாத்துவது போல ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டவவோ?" என்று கேட்டார்.

"பாண் குடுத்தவையாம்."

"அப்ப சரி," என்றார். கார் வரும்வரை அங்கேயே இருக்கச் சொன்னேன்.

தங்கையின் கணவர் முதலில் மேற்கே போய் அக்காவை ஏற்றிக்கொண்டு, அடிவாரத்தைச் சுற்றிக் கிழக்கே போனார். வழியெல்லாம் மணல். பல ஊர்களில் ஆட்கள் கூரைகளில் ஏறிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும், நின்று வழி கேட்ட இடங்களிலெல்லாம் அக்காவின் கையில் யாராவது ஒரு பழத்தையோ தண்ணீரையோ திணித்தார்கள் என்றும் பிறகு சொன்னார். நாங்கள் நோர்பரி வீட்டின் நடையை விட்டு அசையவில்லை. வரவேற்பறையில் நல்ல சோபா இருந்தும் இருவரும் படிக்கட்டிலேயே இருந்தோம்.

லண்டனில் வெளிச்சம் மங்காமல் இருந்த வேளையில், அங்கே இருட்டிவிட்ட பிறகு, வீடியோ அழைப்பு வந்தது. தங்கையின் கணவர் தன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். எலுமிச்சந் தோட்டத்து முற்றம். அந்த வீட்டுக்காரர்களும் அயலவர்களும் நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து போட்டு, கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் போல வரிசையாக இருந்தார்கள். அண்ணையின் தலைமுடியும் புருவமும் சாம்பல். அக்கா சேலைத் தலைப்பால் அவருடைய தலையை அழுத்தித் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணை குழந்தையைப் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். தட்டி முடித்ததும் அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

படம் மேலே நகர்ந்தது. கரிய மலையின் உச்சியிலிருந்து சிவப்புக் கோடொன்று சரிவில் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அதன் நுனி பிரிந்து இரண்டாயிற்று. உச்சியில் நெருப்பு எழுந்து, விழ மனமில்லாதது போல நின்று, பிறகு விழுந்தது. அந்த முற்றத்தில் இருந்த எல்லோரிடமிருந்தும் ஒரே மூச்சு வந்தது, ஊர்க்காரர்களிடமிருந்தும்கூட.

மகள் மத்தியானம் முழுவதும் தந்தைக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றில் பலவற்றை என்னிடம் ஒத்திகையும் பார்த்திருந்தாள்.

"அம்மா," என்று தொடங்கினாள். "அப்பா. உள்ளுக்கு வாங்கோ. சாம்பல் நெஞ்சுக்குக் கூடாது."

"ஓம் பிள்ளை," என்றார் அக்கா, திரும்பாமல். "வாறம். கொஞ்சம் பொறு."

அண்ணை கையை நீட்டி மலையில் எதையோ காட்டினார். அக்கா அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். மகள் தொலைபேசியை எதிர்ச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, வந்து படியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.